ஜெபம் பண்ணிய தேன்

வெள்ளிமலை
9 ஆகஸ்ட் 2023

அன்பு மொழிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலமாக இருக்கிறேன். போன கடிதத்தை நாலே வரியில் முடித்திருந்தாய். அக்காவுக்கு எழுத உனக்கு அவ்வளவுதான் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகாதவர்களுக்கு நேரம் நிறைய இருக்கும் என்றல்லவா நினைத்தேன்.

சண்டை போட எழுதவில்லை. மாத்திரை தீரப்போகிறது. நாளைக்கு சுபாஷ் ஜீப்பைக் கள்ளக்குறிச்சிக்கு இறக்குகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வழக்கம்போல சத்துமாவுக்குள் வைத்துக் கொடு. போன தடவை பாக்கெட்டின் வாயை நீ சரியாக ஒட்டவில்லை. உன் மாமா கையில் கிடைத்து, அவர் அதைப் பிரித்திருந்தால்? போனில் இதையெல்லாம் பேச வழியில்லை, உனக்கே தெரியும். வீட்டில் இருப்பது ஒரே போன். அது ஜெப உதவிக்கென்று நோட்டீஸில் அச்சடித்த எண். சிக்னல் கிடைப்பதோ பள்ளிக்கூடத்துப் பாறைமேல், நாலு பேர் காது கேட்க.

இன்னொன்று. எழுதாமலே அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஞாயிறன்று ஒரு புதுக் குடும்பம் ஆராதனைக்கு வந்தது. பொன்னுரங்கம் என்று பெயர், பக்கத்து ஊரில் சாமை போடுகிறவர். மனைவி ரங்கம்மாள். மகள் ஷாலினிக்கு ஒன்பது வயதிருக்கும். அவளுக்கும் வலிப்பு. நான் சாட்சி சொல்லும் வீடியோ யார் போனிலிருந்தோ அவர் போனுக்குப் போயிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்களாம்.

ஆராதனை நடத்திக்கொண்டிருந்த உன் மாமா என்னை முன்னால் கூப்பிட்டார். ஐந்து வருஷமாகச் சொல்வதையே சொன்னேன். எனக்கு வலிப்பு இருந்தது, கர்த்தர் தொட்டார், மாத்திரையை விட்டேன், இன்றுவரை வரவில்லை. அந்த மூன்றாவது வாக்கியம் முதலில் என்னுடையதாக இருக்கவில்லை மொழி. அவர் பிரசங்கத்தில் சேர்த்துச் சொன்னார். பிறகு அது என் வாயிலும் வந்து உட்கார்ந்துவிட்டது.

நான் முடிப்பதற்குள் பொன்னுரங்கம் எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து அட்டை அட்டையாக மாத்திரையை எடுத்து உன் மாமா கையில் வைத்தார். "ஐயா, இனிமே எங்களுக்கு இது வேணாம்யா" என்றார். அவர் அதை உயர்த்திக் காட்டினார். எல்லோரும் எழுந்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். வெளியே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மதியச் சாப்பாட்டுக்கு. அதில் போட்டார்கள்.

நானும் கைதட்டினேன்.

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என்ன செய்வது, சொல். ஆனால் 'சொல்லிவிடு' என்று மட்டும் சொல்லாதே.

ஜெபத்தோடு,
அக்கா கண்ணகி


கள்ளக்குறிச்சி
13 ஆகஸ்ட் 2023

அக்காவுக்கு,

பாக்கெட்டை இந்தத் தடவை இரண்டு முறை ஒட்டியிருக்கிறேன். மாதத்துக்கானது உள்ளே இருக்கிறது.

சொல்லிவிடு. வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. மாமாவிடம் சொல்லமுடியாவிட்டால் அந்த ரங்கம்மாளிடம் மட்டுமாவது சொல். டாக்டர் நம்மிடம் முதல் நாளே சொன்னது உனக்கு மறந்திருக்காது: திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும். அது உனக்கும் எனக்கும் தெரியும். அந்தப் பெண்ணின் அப்பாவுக்குத் தெரியாது. அவர் உன்னைப் பார்த்துத்தான் அடுப்பில் போட்டார், மாமாவைப் பார்த்து இல்லை.

என் விசுவாசத்தை யார் கலைத்தது என்று இரண்டு வருஷமாகக் கேட்கிறாய். காலேஜா, கூட வேலை பார்க்கிற டீச்சர்களா என்று. நான் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு மலைக்கு வந்திருந்தேன் அல்லவா, அன்று பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சத்துமாவுப் பையை உன் கையில் கொடுக்க நேரம் கிடைக்கவில்லை, மடியிலேயே இருந்தது. நீ எழுந்து சாட்சி சொன்னாய். பக்கத்தில் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். நடிப்பில்லை அக்கா. மடியில் மாத்திரை இருக்கிறது, அதைக் கடையில் வாங்கி மாவுக்குள் புதைத்தவளே நான்தான். ஆனாலும் 'மாத்திரையை விட்டேன்' என்று நீ சொன்ன இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அப்போதுதான் பயந்தேன். பொய் என்று தெரிந்தும் இப்படிச் சிலிர்க்கும் என்றால், இதற்கு முன் சிலிர்த்ததெல்லாம் என்ன? களமருதூரில் நமக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று ஏரித் தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நின்றேனே, அது என்ன? எதையும் எதிலிருந்தும் பிரிக்க முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. எந்த மனிதரும் வந்து என்னைக் கலைக்கவில்லை.

விட்டதும் நிம்மதியாக இருக்கிறேன் என்று எண்ணாதே. இடி இடித்தால் இன்னமும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் மாடிப்படியில் விழுந்து கை உடைந்தான். எனக்குத் தண்டனையாக அவனுக்கு விழுந்தது என்று அன்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் ராதிகா டீச்சர் சிரிப்பாள்.

அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகுமுன் சொல்லிவிடு.

மணிமொழி


வெள்ளிமலை
23 ஆகஸ்ட் 2023

மொழிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். கோபத்தினால் மட்டும் இல்லை, பயத்தினாலும்.

உனக்கு அவர் ஒரு பாஸ்டர். பாஸ்டர் என்றாலே உனக்கு இப்போது ஒரு மாதிரி இருக்கிறது. எனக்கு அவர் திருக்கோவிலூர் செங்கல் சூளையில் என்னைத் தூக்கியவர். நான் நெருப்பு வாய்க்குப் பக்கத்தில் வலிப்பு வந்து விழுந்து வெட்டிக்கொண்டிருந்தபோது, கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அவருக்கு அதுவரை கர்த்தரையும் தெரியாது. 'நீ யாரா இருந்தாலும் சரி, இவள எனக்குக் குடு' என்று கத்தினாராம். 'குடுத்தேன்' என்று காதில் கேட்டதாம். அன்றைக்கே குடியை விட்டார். பிறகு வேதம் படிக்கப் போனார். பிறகு இந்த மலை. சபைக் காணிக்கையில் கை வைத்தவர் இல்லை. பிரசவ வலி எடுத்தால் நடுராத்திரியில் ஜீப்பைத் தேடி ஓடுகிறவரும் அவர்தான். என் மாத்திரையை ஓடையில் வீசினாரே, அது என்னைக் கொல்லவா? எனக்கு இனி வராது என்று என்னைவிட உறுதியாக நம்பியதால்தான். வீசிய பிறகு ஒளித்து வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தவள் நான். அவர் ஒரு பொய்யும் சொன்னதில்லை மொழி. பொய் என்னிடத்தில் இருக்கிறது. அவர் முழுக்க அதன்மேல் நிற்கிறார்.

சொல்லிப் பார்க்கவே இல்லை என்று நினைக்காதே. போன செவ்வாய்க்கிழமை மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தோம்.

"ஏங்க, எனக்கு ஒருவேள திரும்ப வந்துட்டா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"எது?"

"அதான். வலிப்பு."

அவர் சிரித்தார். "சூரியன் மேற்கால வந்தா இன்னா பண்ணுவன்னு கேளேன்" என்றார். அப்புறம் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கண்ணகி, எனக்கும் சில நாள் மனசு ஆடும். யாருக்கும் தெரியாது. அப்ப உன்னத்தான் பாப்பன். நீ நடந்து போய்க்கினு இருப்ப, தண்ணி தூக்கிகினு வருவ. அத பாத்தா போதும் எனக்கு. சரியாப் பூடும்."

இதற்குமேல் எப்படிச் சொல்வது? நீ சொல்லு.

ஆகவே வேறு வழி செய்திருக்கிறேன். திட்டாமல் படி. ஷாலினியைத் தினமும் மாலையில் இட்டுகினு வரச் சொல்லி ரங்கம்மாளிடம் சொன்னேன், விசேஷ ஜெபம் என்று. மலைத் தேன் ஒரு புட்டி வைத்திருக்கிறேன். என் மாத்திரையில் ஒன்றை அம்மியில் நுணுக்கித் தேனில் குழைத்து, ஜெபம் பண்ணி, ஒரு கரண்டி கொடுக்கிறேன். பத்து நாளாக அவளுக்கு வரவில்லை. ரங்கம்மாள் என் காலில் விழப் பார்த்தாள்.

அதனால் எனக்குக் குறைகிறது. நானே இப்போது காலையில் மட்டும்தான் சாப்பிடுகிறேன். நேற்று அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போது இடது கை தானாக இழுத்தது. இரட்டிப்பாக அனுப்பு, சீக்கிரம்.

ஜெபம் பண்ணும்போது உண்மையாகத்தான் ஜெபம் பண்ணுகிறேன். அதைக் கேட்டு நீ சிரிக்கக்கூடாது.

அக்கா


கள்ளக்குறிச்சி
27 ஆகஸ்ட் 2023

அக்கா,

சிரிக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போய் கரும்பலகை முன்னால் என்ன எழுத வந்தேன் என்று தெரியாமல் நின்றேன்.

அது பெரியவர்களுக்கான மாத்திரை. உனக்கு எழுதிக்கொடுத்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன கொடுத்திருந்தார்கள், எவ்வளவு, உனக்குத் தெரியுமா? அவள் எடை என்ன? மருந்துக் கடையில் பெயர் சொல்லாமல் கேட்டேன். "பெரியவங்க டோஸ் கொழந்தைக்கா? யாருங்க சொன்னது?" என்று கடைக்காரர் கேட்டார். வெளியே வந்து கொஞ்ச நேரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன்.

இரட்டிப்பாக அனுப்பமாட்டேன். உனக்குள்ளது மட்டும் இருக்கிறது. இரண்டு வேளையும் நீ சாப்பிடு. தேன் கொடுப்பதை நிறுத்து என்று எழுதினால், அதையும் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கொடு என்றும் எழுத முடியவில்லை. நீ எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய் பார். ஒரே வழி, ரங்கம்மாள் அவளை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துவருவது. என்ன சாப்பிட்டாள் என்பதை உள்ளது உள்ளபடி டாக்டரிடம் சொல்வது. நான் கூட நிற்கிறேன்.

சுபாஷுக்கும் சந்தேகம் வந்தாயிற்று. "இன்னாக்கா, மாசத்துக்கு ஒருதரம் போன சத்துமாவு இப்ப ரெண்டு வாரத்துலயே மறுபடி போவுது. பாஸ்டரம்மா வூட்டுல யானை வளக்கறாங்களா?" என்று கேட்டான். சிரித்தேன். அவனும் சிரித்தான். ஆனால் பாக்கெட்டை ஒருமுறை குலுக்கிப் பார்த்தான்.

மாமா சொன்னதை நாலைந்து முறை படித்தேன். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. அவரைக் காப்பாற்ற நீ அந்தக் குழந்தையைப் பலியாகக் கொடுக்கிறாய். உனக்கே அது தெரியும்.

மொழி


வெள்ளிமலை
6 செப்டம்பர் 2023

மொழி,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

ஷாலினி சனிக்கிழமை முழுக்கத் தூங்கினாள். எழுப்பினால் எழுந்து வாந்தி எடுத்துவிட்டு மறுபடி தூங்கினாள். ரங்கம்மாள் ஓடிவந்து, "பாஸ்டரம்மா, தேன் சாப்ட்டா பாப்பா தூங்கிகினே இருக்குது. கண்ணு ஒரு மாதிரி சொழலுது. ஜாஸ்தியா அபிஷேகம் எறங்குதோ?" என்று கேட்டாள். பயந்து கேட்கவில்லை மொழி. சந்தோஷமாகக் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம், ஓய்வு எடுக்கட்டும்" என்றேன். என் வாயால் சொன்னேன்.

அன்றைக்கே மாத்திரை கலப்பதை நிறுத்திவிட்டேன். வெறும் தேன்தான் கொடுக்கிறேன் இப்போது. அவள் தெளிந்துவிட்டாள், ஓடியாடுகிறாள். ஆனால் ஒவ்வொரு மாலையும் அவள் மேடேறி வருவதைப் பார்க்கும்போது, இன்று இங்கேயே விழுந்துவிடுவாளோ என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வாய் திறந்தேன். "எதுக்குங்க பாஸ்டரம்மா, அதான் நல்லாயிடுச்சே" என்கிறாள்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. பெண்ணுக்குச் சுகமானது மட்டும் தெரியும். 17ஆம் தேதி பெரிய கூட்டம் வைத்திருக்கிறார். மைக் செட், பந்தல் எல்லாம் சொல்லியாயிற்று. நானும் ஷாலினியும் சேர்ந்து மேடையில் நின்று சாட்சி சொல்லவேண்டுமாம். கச்சிராயபாளையத்துப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகளோடு வரப்போகிறார்கள். எல்லாம் வலிப்புள்ள பிள்ளைகள். அவரவர் பையில் அவரவர் மாத்திரை இருக்கும். அந்த அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

அவர் உபவாசம் இருக்கிறார். மெலிந்து, முகம் பளபளவென்று இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

பிறர் விழுவதற்கு இடறலாக இருப்பவர்களுக்கு என்ன வரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். சொன்னாலும் நான் இடறல். சொல்லாவிட்டாலும் இடறல். சொன்னால் அவர் விழுவார். அவரோடு இந்த மலையில் எத்தனை பேர் விழுவார்களோ. நரகம் இருக்கிறதா என்று நீ சந்தேகப்படலாம். எனக்குச் சந்தேகமே இல்லை, அதன் வாசனையே வருகிறது.

நீ வா. கூட்டத்தன்று நீ பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன்.

அக்கா


கள்ளக்குறிச்சி
8 செப்டம்பர் 2023

அக்கா,

வரமுடியாது. ஞாயிறென்றாலும் பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்று எழுதலாம் என்று நினைத்தேன். உன்னிடம் அதையும் பொய்யாகச் சொல்ல வேண்டாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. மாமா பேசுவார். பாட்டு ஏறும். எல்லோரும் அழுவார்கள். அந்த இடத்தில் நான் உட்கார்ந்தால் மறுபடி சிலிர்க்கும். மறுபடி நம்பிவிடுவேன். உனக்கு உதவ வந்தவள் அங்கே கைதட்டிக்கொண்டு நிற்பேன். அது நடக்காது என்று என்னால் சொல்லமுடியவில்லை.

மேடையில் சொல்லவேண்டாம். கூட்டத்துக்கு முன்பே ரங்கம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, மாத்திரையைக் கையில் எடுத்துக் காட்டு. அம்மாக்காரி கண்ணால் பார்த்தால் புரிந்துகொள்வாள். அவள் பெண்ணோடு பஸ் ஏறட்டும், நான் கள்ளக்குறிச்சி ஸ்டாண்டில் நிற்பேன். மாமாவைப் பிறகு பார்க்கலாம்.

கோழைதான் நான். திட்டிக்கொள். ஆனால் சொல்லிவிடு.

மொழி


வெள்ளிமலை
20 செப்டம்பர் 2023

மொழி,

சுபாஷ் உன்னிடம் சொல்லியிருப்பான். ஆனாலும் என் வாயால் சொல்லவேண்டும்.

கூட்டத்துக்கு முன் ரங்கம்மாளைக் கூப்பிடப் போனேன். மூன்று தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் யாராவது என் கையைப் பிடித்துக்கொண்டு, 'எம்புள்ளைக்கும் ஜெபம் பண்ணுங்க' என்று அழுதார்கள். திரும்பிவந்தேன். அப்படியே மேடையும் ஏறினேன்.

ஷாலினி புதுப் பாவாடை கட்டியிருந்தாள். அவள் கை என் கைக்குள் இருந்தது. அவர் மைக்கை என்னிடம் நீட்டியபோது அந்தக் கை இழுத்தது. நான்தான் நடுங்குகிறேன் என்று முதலில் நினைத்தேன். பார்த்தால் அவள் கண் மேலே போய்விட்டது. பலகைமேல் விழுந்தாள். தலை மோதிய சத்தம் மைக்கில் கேட்டது.

அவர் உடனே மண்டியிட்டு அவள் தலையில் கை வைத்து பிசாசை அதட்ட ஆரம்பித்தார். கூட்டம் முழுக்கச் சத்தமாக ஜெபம் பண்ணியது. அது நிற்கவே இல்லை. அவ்வளவு நேரம் எனக்குக்கூட வந்ததில்லை. வாயில் நுரை. உதடு நீலமாகிவிட்டது.

மைக் என் கையில் இருந்தது. "மாத்திரை" என்றேன். "நான் மாத்திரை சாப்பிடறேன். நான் நிறுத்தவே இல்ல. தேன்ல மாத்திரைதான் போட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

யாரும் நம்பவில்லை மொழி. ஐந்து வருஷம் பொய்யை நம்பியவர்கள் இதை நம்பவில்லை. "பாஸ்டரம்மா மேல வந்துடுச்சு, புடிங்க" என்று ஒருவர் கத்தினார். பெண்கள் என்னைப் பிடித்துக் கீழே உட்காரவைத்து, தலையை அழுத்திக்கொண்டு, 'போ, வெளியே போ' என்று கத்தினார்கள். தினமும் என் வீட்டில் தண்ணீர் குடிக்கிற பெண்கள். நான் 'மாத்திரை, மாத்திரை' என்று சொல்லச் சொல்ல இன்னும் அழுத்தினார்கள். இடுப்பிலிருந்த அட்டையை எடுத்து வீசினேன்.

ரங்கம்மாள் மட்டும் அதைப் பொறுக்கினாள். பார்த்தாள். "அடிப்பாவி, எத்தினி நாளாடி குடுத்த? எத்தினிடி?" என்று என் முடியைப் பிடித்து உலுக்கினாள். அப்புறம் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்பைப் பார்த்து ஓடினாள். பொன்னுரங்கம் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினார்.

ரங்கம்மாள் கீழே போட்டுவிட்டுப் போன அட்டையை உன் மாமா எடுத்துப் பார்த்தார். மைக்கை நிறுத்தச் சொன்னார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, "எப்பலேர்ந்து?" என்று கேட்டார்.

"நிறுத்தவே இல்லீங்க."

"ஓடையில போட்டப்போ?"

"மறுநாளே மொழிகிட்ட சொல்லி வாங்கிட்டேன்."

"அப்போ அன்னிக்கு சூளையில, 'குடுத்தேன்'னு சொன்னது யாரு?"

அவர் தெரியாமல்தான் கேட்டார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

பந்தலைப் பிரித்தார்கள். சிலர் எனக்குப் பேய் என்கிறார்கள், சிலர் அவரை ஏமாற்றுக்காரர் என்கிறார்கள், பிள்ளைகளோடு வந்தவர்கள் மாத்திரைகளோடு திரும்பிப் போனார்கள். நேற்றுக் காலை எழுந்து பார்த்தால் அவர் இல்லை. போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பாறைமேல் ஏறினால் அதில் அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது, ஜெபம் பண்ணச் சொல்லி. அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பாறைப் பக்கம் போய்ப் பார்த்தேன், ஓடைப் பக்கம் பார்த்தேன். கோமுகி அணைப் பக்கம் நடந்து போனதாக ஒருவர் சொல்கிறார். அணை என்றதும் அதற்குமேல் தேடப் போகாமல் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஷாலினி எப்படி இருக்கிறாள்? அவரை நீ பார்த்தாயா?

ஜெபம் பண்ணிக்கொண்டேதான் இருக்கிறேன். எனக்கு ஏன் விசுவாசம் போகவில்லை என்று தெரியவில்லை. போகவேண்டியது எனக்குத்தானே.

கண்ணகி


கள்ளக்குறிச்சி
22 செப்டம்பர் 2023

அக்கா,

மாமா இங்கே இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். முதலில் அதைப் படித்து மூச்சு விடு.

ஷாலினி பிழைத்துவிட்டாள். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். தேன் விஷயத்தை டாக்டரிடம் நானே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. ரங்கம்மாள் என்னோடு பேசுவதில்லை, ஆனால் நான் கொண்டுபோகும் இட்லியை வாங்கிக்கொள்கிறாள்.

உன் எண்ணுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், அணைத்திருக்கிறாய். சுபாஷ் மதியம் மலையேறுகிறான், அதற்குள் எழுதி முடிக்கவேண்டும்.

நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மாமா வாசலில் நிற்கிறார். காலில் செருப்பில்லை. மலையிலிருந்து நடந்தே இறங்கியிருக்கிறார். வீட்டுக்கார அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்க அக்கா வூட்டுக்காரர்" என்று உரக்கச் சொல்லி உள்ளே அழைத்தேன். ராதிகாவும் வீட்டில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறார். பொன்னுரங்கம் அடிப்பார் என்று நினைத்தாராம். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிறார். "அந்தாளு என் கையப் புடிச்சிகினு, ஜெபம் பண்ணுங்க ஐயான்றாரு மொழி. இவ்ளோ ஆயும் கேக்கறாரு. வாயத் தொறந்தேன். ஒண்ணும் வரல. ஓடி வந்துட்டேன்."

உன்மேல் கோபமா என்று கேட்டேன். "அவ பயந்தா. நாந்தான் பயப்படற மாதிரி வச்சிருந்தேன்" என்றார். அவ்வளவுதான் உன்னைப் பற்றிப் பேசியது.

அப்புறம் கேட்டார்: "நீ ரெண்டு வருஷம் முன்னாடியே விட்டுட்டல்ல? எப்படிம்மா இருக்கற?"

நான் சாமர்த்தியமாக ஏதாவது சொல்லுவேன் என்று நீ நினைப்பாய். எனக்கும் அப்படித்தான் எண்ணம் இருந்தது. யாராவது கேட்டால் சொல்ல எத்தனையோ வாக்கியம் சேர்த்து வைத்திருந்தேன். செருப்பில்லாமல் நடந்து வந்த மனிதர் கேட்டபோது ஒன்றும் உதவவில்லை. பயம் இருக்கும் மாமா, போகாது என்றேன். தலையை ஆட்டினார்.

சோறு போட்டேன். கை கழுவி வந்து உட்கார்ந்தார். ரசத்தை ஊற்றிய பிறகு, சாப்பாட்டு ஜெபத்துக்கு வழக்கம்போலக் கண்ணை மூடினார். சட்டென்று திறந்தார். மறுபடி மூடினார், திறந்தார். கையைத் தட்டுக்குமேல் அப்படியே வைத்துக்கொண்டு, "மொழி, இப்ப இன்னா பண்றது?" என்று என்னைக் கேட்டார். வேடிக்கையாக இல்லை. அடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாதவர் கேட்பதுபோலக் கேட்டார்.

நான் என்ன செய்கிறேன் என்று யோசித்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் செல்போனில் ஏதாவது ஒன்றை ஓடவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே அவசரமாக முதல் வாயைப் போட்டுவிடுவேன். அந்த ஒரு நொடியைத் தாண்டுவதற்கு. இரண்டு வருஷமாக இப்படித்தான் செய்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. என் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு அதேபோல எடுத்துப் போட்டுக்கொண்டார். மென்று முடிக்கும்வரை என்னையே பார்த்தார், ஏதாவது நடக்கிறதா என்று பார்ப்பவர்போல.

இப்போது ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போகமாட்டேன் என்கிறார், வீட்டுக்கும் வரமாட்டேன் என்கிறார்.

நாளை முதல் பஸ்ஸில் வா. இதை நான் ஒருத்தியாகப் பார்த்துக்கொள்ள முடியாது. நீ ஜெபத்தை விடவேண்டாம், அதை நான் இனி உன்னிடம் கேட்கமாட்டேன். ஆனால் சாப்பிட உட்காரும்போது மட்டும் அவர் எதிரில் கண்ணை மூடிவிடாதே. அவர் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

மொழி